ஒத்துக்காரரின் பேத்தி

போர் நடக்கும் ஒரு நாட்டுக்கு என் மகள் போவதற்கான பொலிஸ் நற்சான்றிதழ் விண்ணப்பத்தில் பிழை திருத்திக் கொடுத்தவன் நான்தான். அவள் ஊடகவியலாளர். வெளிநாட்டு நகரம் ஒன்றில் இருந்துகொண்டு செய்தி எழுதுகிறாள். விடுமுறைக்கு மாத்தளை வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அவளை அந்த நாட்டுக்கு அனுப்பப்போவதாக அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. நாட்டின் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். எழுதவில்லை. விசா கொடுப்பதற்குச் சொந்த ஊர்ப் பொலிஸின் சான்றிதழ் வேண்டும் என்றது அந்த நாடு. ஊர் ஊராக எரிந்துகொண்டிருக்கும்போதும் உள்ளே வருகிறவர்களின் நன்னடத்தையில் இவ்வளவு அக்கறை காட்டுகிற அரசாங்கத்தை நான் மதிக்கிறேன்.

விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பி அவள் அனுப்பப்போன நேரத்தில் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். நிரந்தர முகவரி இருக்க வேண்டிய இடத்தில் தற்காலிக முகவரி. அடையாள அட்டையில் பெயரின் எழுத்துகள் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி. அதற்கு ஒரு விளக்கமும் இல்லை. அப்படியே போயிருந்தால் அப்படியே திரும்பி வந்திருக்கும். அதற்குள் விடுமுறை முடிந்து, அந்தப் பயணம் வேறு யாருக்காவது கைமாறியிருக்கும். ஆனால் மாவட்டக் கச்சேரியிலும் பிரதேச செயலகங்களிலும் வயதைக் கரைத்த ஒருவனால் பிழையான விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது. "தள்ளு" என்று சொல்லி உட்கார்ந்து திருத்தினேன்.

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்க வேண்டியதை அதற்கு முதல்நாளே கேட்டு முடித்திருந்தாள்.

"போகாம இருக்க ஏலாதா?"

"அது வேலைம்மா."

இருவருக்கும் இடையில் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். எழுதி வைத்தால் அரைப் பக்கம் வராது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. மகள் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடந்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் அந்த நாட்டுச் செய்திகளைப் பார்த்தேன், பிறகு அணைத்தேன், திரும்பவும் பார்த்தேன். மனைவி எதையாவது தேடுகிற மாதிரி அலுமாரிகளைத் திறந்து மூடினாள். ரயில் ஊதும்போதெல்லாம் மூன்று பேரும் ஏதோ எங்களைத்தான் கூப்பிட்டதுபோல நிமிர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தொலைக்காட்சியில் ஓர் ஆங்கிலப் படம் போட்டார்கள். கீழே சிங்கள எழுத்து ஓடியது. உலகப் போர்க் காலத்துக் கதை. ஒரு பத்திரிகையாளர் வேற்று நாட்டுத் தலைநகரில் வந்து இறங்குகிறார். பகலில் விருந்துகளுக்குப் போகிறார், மாலையில் தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்கார்ந்து ஊருக்குச் செய்தி அனுப்புகிறார். அந்தச் செய்தியின் ஒவ்வொரு பந்தியிலும் முதல் எழுத்தைக் கூட்டிப் படித்தால் படைகளின் நடமாட்டம் தெரியும். இரண்டு தரப்புக்கும் அவர் மேல் சந்தேகம். மழை பெய்துகொண்டே இருக்கிறது. அந்த ஊரில் யாரிடமும் குடை இல்லை.

மகள்தான் "பாப்போம், சிரிக்கலாம்" என்று உட்கார்ந்தாள். வேலையில் சேர்ந்த காலத்திலிருந்தே இந்த மாதிரிப் படங்களைச் சிரிப்பதற்காகப் பார்க்கிறாள். நானும் உட்கார்ந்தேன். எனக்குப் பார்க்க நிறைய இருந்தது.

"இங்க பாரு, உள்ள வர்ற ஆளுக்கு வெளிய போற முத்திரையக் குத்துறான்."

"அப்பா, படத்தப் பாக்க விடுங்க."

"அந்தக் கோப்பப் பாரு. அட்டையிலயே சிவப்பில 'இரகசியம்'னு போட்டிருக்கான். ஒரு கோப்ப யாரும் தொறக்கக் கூடாதுன்னா 'தளபாடம் திருத்துதல்'னு பேரு வைக்கணும். நாங்க அப்படித்தான் வச்சோம். இன்னைக்கு வரைக்கும் யாரும் தொறக்கல்ல."

மகள் சிரித்தாள். "நெசமான வேலையில பாதி நேரம் டிரைவர் வரல்லன்னு நிக்கிறதுதான்பா. மிச்சப் பாதி, போனுக்கு சார்ஜ் போட எடம் தேடுறது."

மனைவி சிரிக்கவில்லை. அவள் கீழே ஓடிய எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். உக்குவளையில் பிறந்து, சிங்களப் பிள்ளைகளோடு சண்டை போட்டு வளர்ந்தவள் அவள். என் சிங்களம் சுற்றறிக்கைச் சிங்களம், அவளுடையது குழாயடிச் சிங்களம். ஆளை விழுத்துவதற்கு எது உதவும் என்று சொல்லத் தேவையில்லை.

"என்னங்க, கீழ 'ஒத்துக்காரயா', 'ஒத்துக்காரயா'ன்னு போட்டுக்கிட்டே இருக்கான்" என்றாள். "எங்கப்பாவுந்தான் ஒத்துக்காரர். எங்கப்பாவ யாரு தேடி வந்தா?"

அவளுடைய அப்பா பகலில் இறப்பர் தொழிற்சாலையில் வேலை செய்தவர். திருவிழாவென்றால், கல்யாணமென்றால் நாதசுரக்காரருக்குப் பின்னால் நின்று ஒத்து ஊதுவார். மற்றவர் ராகம் போகிற இடமெல்லாம் போய்வர, இவர் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். விரலுக்கு வேலை இல்லை, மூச்சுக்குத்தான் வேலை.

நான் விளக்கம் கொடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழக்கமில்லை. சிங்களத்தில் ஒத்து என்றால் வேவு. ஒத்துக்காரயா என்றால் உளவாளி, காட்டிக்கொடுப்பவன். நம்முடைய ஒற்று, ஒற்றன் என்ற சொல்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். வாத்தியம் வேறு, இது வேறு. ஆகவே சிங்களம் பேசும் இடத்தில் உன் அப்பாவை ஒத்துக்காரர் என்று சொல்லிவிடாதே, விபரீதமாகப் போய்விடும் என்றேன்.

"ஓ" என்றாள். அந்த "ஓ"வை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

படத்தின் முடிவில் அந்தப் பத்திரிகையாளரை ரயில் நிலையத்தில் வைத்துப் பிடித்தார்கள். மேடையின் கடைசிவரைக்கும் நடத்திக்கொண்டு போனார்கள். வெடிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் எழுதிய கடைசிச் செய்தி வேறொருவர் பெயரில் வெளியானதோடு படம் முடிந்தது.

"அவன் பொண்டாட்டி புள்ளைங்க எங்க?" என்று மனைவி கேட்டாள்.

"படத்தில காட்டல்லயேம்மா."

"காட்ட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, விசாரணைக்காகப் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மகள் கண்டிக்குப் போயிருந்தாள். அந்த நாட்டுக் கற்களில் நடப்பதற்கு உறுதியான சப்பாத்து வேண்டுமாம். சார்ஜன்ட் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய மனிதர், அமைதியானவர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொண்டுவந்த தாளில் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பேச்செல்லாம் சிங்களத்தில். வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

மகள் இந்த முகவரியில் எவ்வளவு காலம் இருந்தாள், எங்கே படித்தாள், வழக்கு ஏதும் உண்டா. எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். சரியான ஒழுங்கில், அவர் கேட்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே. வேலை முடியப்போகிற நேரத்தில் மனைவி பிளேன்டீ கொண்டு வந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகிறவள் அன்று போகவில்லை. எதிர்க்கதிரையில் உட்கார்ந்தாள்.

சார்ஜன்ட் மரியாதைக்காகக் கேட்டார். "அம்மாவுக்கும் இந்த டவுன்தானா?"

"இல்ல, உக்குவளை."

"அப்படியா! எனக்கு அந்தப் பக்கமெல்லாம் தெரியும். அம்மாட அப்பா என்ன செஞ்சார்?"

"அவர் ஒத்துக்காரயா" என்றாள் என் மனைவி.

வாய்க்குப் போன கோப்பை பாதியில் நின்றது. சார்ஜன்ட் அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஒத்துக்காரயா? யாருக்கு?"

"யாரு கூப்பிட்டாலும் போவார். இன்னாருக்குத்தான்னு கிடையாது. சனம் கூடுற எடம்னா அங்க இருப்பார். பின்னாலதான் நிப்பார். முன்னால நிக்கிற ஆள் மூச்சு விடுறதக்கூடக் கவனிச்சுக்கிட்டே இருப்பார். அவர் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசி யாரும் பாத்ததில்ல."

"ஊர்ச் சனத்துக்கு இது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

கொஞ்சம் நிறுத்தி, "பேத்தியும் அவர மாதிரியே வந்துட்டா" என்றாள்.

சார்ஜன்ட் தாளைத் திருப்பி, எழுதாத பக்கத்தை மேலே கொண்டுவந்தார். பேனாவின் மூடியைத் திரும்பவும் கழற்றினார். அந்த அசைவின் பொருள் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். 'மேலதிக விசாரணை தேவை.' அந்த மூன்று சொல் விழுந்த கோப்பு நிலையத்திலிருந்து மேலே போகும், மேலே இருந்து இன்னும் மேலே போகும், கீழே வருவதற்கான வழியை யாரும் குறித்து வைக்கமாட்டார்கள். இன்னொன்றும் தெரியும். இந்த மாவட்டத்தில் ஒத்துக்காரயா என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஆட்கள் காணாமல் போன காலம் இருந்தது. சார்ஜன்ட்டின் வயதுக்கும் என் வயதுக்கும் அதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

நான் பாய்ந்தேன். "சார்ஜன்ட் மாத்தயா, ஒரு நிமிசம். அது அந்த ஒத்து இல்ல. இது கோயில் ஒத்து. வாத்தியம். நாதசுரத்துக்குப் பின்னால ஊதுறது." அவருக்கு விளங்கவில்லை. கைகளை வாயருகே கொண்டுபோய்க் குழலைக் காட்டினேன். அப்போதும் விளங்கவில்லை. வேறு வழியில்லாமல் மூச்சை இழுத்துப் பிடித்து, "ம்ம்ம்ம்" என்று சுருதி சேர்த்துக் காட்டினேன். பதவியில் இருந்தபோது என் அறைக்குள் ஆட்கள் இருமுவதற்கே யோசிப்பார்கள். இப்போது சொந்தக் கூடத்தில் ஒரு பொலிஸ்காரர் முன்னால் வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு நின்றேன். மூச்சு முடிகிற வரைக்கும் விடவில்லை.

சார்ஜன்ட்டின் முகம் திறந்தது. "விகாரையில ஊதுற ஹொரணைவ மாதிரி ஒண்ணா?"

"அதேதான். ஓட்ட இல்லாத ஹொரணைவ."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அம்மா என்னயப் பயங்காட்டிட்டீங்களே! நான் எழுதப் போனேன்." தாளைப் பழைய பக்கத்துக்குத் திருப்பி, கடைசிக் கட்டத்தில் சரி போட்டார். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன்னுடைய ஓய்வூதியப் பத்திரங்களை எப்போது அனுப்புவது நல்லது, பழைய சேவைக்காலத்தைச் சேர்க்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். படலை வரைக்கும் போய் வழியனுப்பினேன். மனதுக்குள் ஒரு திருப்தி. ஒரு விபத்தைத் தடுத்தவனுடைய நடை எனக்கு.

உள்ளே வந்தபோது மனைவி அதே கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லவேளை நான் இருந்தேன்" என்றேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அந்தச் சொல்லச் சிங்களத்தில சொல்லாதன்னு."

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"யாரு உங்ககிட்ட விளக்கம் கேட்டா?"

நான் நின்றேன்.

"எனக்குச் சிங்களம் தெரியாதாங்க? நான் பொறந்ததிலேருந்து பேசுற பாஷ. ஒத்துன்னா என்னன்னு உங்ககிட்ட வந்துதான் படிக்கணுமா? அன்னைக்குப் படம் பாக்கையில, விபரீதமாப் போயிரும்னு நீங்க சொன்னீங்களே, அப்பத்தான் எனக்கு வழியே தெரிஞ்சிச்சு."

அவள் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். யார் கூப்பிட்டாலும் போவார். பின்னால்தான் நிற்பார். முன்னால் நிற்கிறவரின் மூச்சைக் கவனிப்பார். வாயைத் திறந்து பேசமாட்டார், திறந்தால் சுருதி போய்விடும். அத்தனையும் உண்மை. எந்த அதிகாரி எப்போது வந்து விசாரித்தாலும் ஒரு பொய்கூட அதில் அகப்படாது. நான் எழுதிய எந்த அறிக்கையும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

"அவ பேரு கெட்டிருக்குமேடி" என்றேன். "ஒத்துக்காரயான்னு எழுதிட்டுப் போயிருந்தா, அது அழியாது."

"பேரு கெட்டாக் கெடட்டும். ஆள் இருப்பா."

அவள் தொடர்ந்தாள். "ஒரு மாசம் இழுத்திருக்கும். ரெண்டு மாசம் இழுத்திருக்கும். அதுக்குள்ள அங்க சண்டையே முடிஞ்சிருக்கும். இல்லன்னா வேற யாரையாச்சும் அனுப்பியிருப்பாங்க. நீங்கதான் எதையும் திருத்தாம விட மாட்டீங்களே. விண்ணப்பத்தையும் திருத்துனீங்க, என்னையும் திருத்திட்டீங்க."

வெளியே போய் முற்றத்தில் நடந்தேன். பூச்சட்டிகளை ஒழுங்காக வைத்தேன். அவை ஒழுங்காகத்தான் இருந்தன. சார்ஜன்ட் இன்னும் பஸ் தரிப்பிடத்தில் நிற்கக்கூடும், ஓடினால் பிடிக்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. பிடித்து என்ன சொல்வது? மாமனார் உண்மையிலேயே உளவாளிதான் என்றா? கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்துவதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. அது எனக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை. படலையைத் திறந்தேன். மூடினேன்.

மகள் பிற்பகலில் சப்பாத்துப் பெட்டியோடு வந்தாள். நான் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"பொலிஸ் வந்துச்சு. ஒன் பயணத்த நிப்பாட்டப் பாத்தேன். உங்கப்பா விடல்ல."

நடந்ததைக் கேட்டு மகள் முதலில் சிரித்தாள், சோற்றைக் கீழே சிந்துகிற அளவுக்கு. "அப்பா, எங்க, அந்த ஒத்த ஒருக்கா ஊதிக் காட்டுங்க!" என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நேரா சொல்லியிருக்கலாமேம்மா."

"நேரா சொன்னேனே. 'அது வேலைம்மா'ன்ன."

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நான் போறது உங்களுக்கு விருப்பமா?"

விண்ணப்பத்தைத் திருத்தினேன். விசா விதிகளை வாசித்துச் சொன்னேன். காப்புறுதிப் பத்திரத்தில் கையெழுத்துக்கு முன்னால் சின்ன எழுத்தை எல்லாம் பார்த்துக் கொடுத்தேன். இந்தக் கேள்வியை அதுவரைக்கும் அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

"இல்ல" என்றேன்.

"அப்ப ஏன்பா அந்த சார்ஜன்ட்கிட்ட..."

"அவர் பிழையா எழுதப் போனார்."

அவள் என்னைப் பார்த்த பார்வை கோபமா, பரிதாபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "அம்மா சொல்லிட்டா. நீங்களும் இப்பத்தான் சொல்றீங்க" என்றாள். "ஆனா நான் போவேன்ப்பா. அங்க நடக்கிறத யாராச்சும் எழுதணும். எழுதத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் வீட்டில ஒரு அம்மா இருக்கத்தான் செய்வாங்க."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி. "மீன வீணாக்காமத் தின்னு."

சான்றிதழ் வந்தது. ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. அவள் போனாள். புதிய சப்பாத்து கடிக்கிறது என்று விமான நிலையத்தில் சொன்னாள். மனைவி குனிந்து அந்த நாடாக்களை அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்திக் கட்டிவிட்டாள். கட்டி முடித்தும் உடனே எழுந்திருக்கவில்லை.

இப்போது அவள் அங்கே இருக்கிறாள். இன்று காலை ஒரு அழைப்பு வந்தது. அரை நிமிடம்கூட இருக்காது, இடையில் அறுந்துவிட்டது. "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், பெறகு எடுக்கிறேன்." அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

"சாப்பிட்டேன்னு நாம கேக்காமலே சொன்னா. ஏன்?"

"நீ எப்படியும் கேப்பேன்னு தெரியும்."

"'இருக்கேன்'னுதான் எப்பவும் சொல்லுவா. இன்னைக்கு 'நல்லா இருக்கேன்'ங்கிறா. அந்த 'நல்லா' எதுக்கு?"

"சும்மா சொல்லியிருப்பா."

"பின்னால ஒரு ஆம்பளக் குரல் கேட்டிச்சு. ஏதோ அவசரப்படுத்துற மாதிரி."

"டிரைவரா இருக்கும்."

"டிரைவர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தொலைபேசி எங்கள் நடுவில் மேசைமேல் கிடந்தது. சார்ஜ் கம்பியிலிருந்து அதைக் கழற்ற அவள் விடவில்லை.

"தெரியாது" என்றேன்.

அவள் கதிரையைக் கொஞ்சம் என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "சரி, அந்தக் குரல் என்ன சொல்லிச்சுன்னு ஞாபகம் இருக்கா? மொதல்லேருந்து சொல்லுங்க."